நீங்கள் சொல்வதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை? பிழைகளில் இருந்து தொடங்குவோம்

முதன்முதலாக ஒரு பகுதிக்குப் பொறுப்பாக வந்தவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "அண்ணா, நான் சொல்றது சரியெண்டு அவங்களுக்கும் தெரியும். ஆனா ஒருத்தரும் செய்யிறாங்கள் இல்லை." உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் புதிதாக சுப்பர்வைசர் ஆனவர்கள், டவுனில் அப்பாவின் கடையை எடுத்து நடத்தத் தொடங்கியவர்கள், சீனக்குடாப் பக்கம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், மாகாண சபைக் கந்தோர்களில் இருப்பவர்கள், எல்லோரும் வேறு வேறு வார்த்தையில் இதையே கேட்கிறார்கள். இந்தக் கேள்வியின் வலி எனக்கு நன்றாகத் தெரியும். திருகோணமலை மாதிரி ஒரு ஊரில் 26 வயதுப் பிள்ளையைக் குசினிக்குப் பொறுப்பாகப் போட்டால், அங்கே அடுப்படியில் நிற்பவருக்கு 54 வயது இருக்கும், அவர் இந்தப் பிள்ளையைக் கோணேசர் நகர்வலத்தில் தோளில் தூக்கிச் சாமி காட்டியவராகக்கூட இருப்பார். அவரிடம் போய் "நாளையில் இருந்து இப்படிச் செய்யுங்கள்" என்று பதவியை வைத்துச் சொன்னால், "சரி தம்பி" என்பார், பிறகு 30 வருடமாகச் செய்தபடியே செய்வார்.

நான் உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் வேலையில் பல சீசன்களைக் கழித்தவன். அதில் பாதிக்கு மேல் ஆட்களுக்குப் பொறுப்பாக. பயிற்சிகளுக்குப் போனால் இரண்டு பாடங்களைத் தனித்தனி நாட்களில் சொல்லித் தருவார்கள்: ஆட்களை இணங்க வைப்பது எப்படி என்று ஒரு நாள், வேலையில் வரும் பிழைகளைக் கையாள்வது எப்படி என்று இன்னொரு நாள். நான் கண்ட அளவில் இரண்டும் ஒரே பாடம். அதை முதல் படியில் இருந்து விளக்கப் பார்க்கிறேன்.

இணங்க வைப்பது என்றால் என்ன

கட்டளை போடுவது வேறு, இணங்க வைப்பது வேறு. புறாமலைத் தீவுக்குப் படகில் ஆட்களைக் கொண்டு போகும்போது காற்று கிளம்பினால், "லைஃப் ஜாக்கெட்டைப் போடுங்கோ, இருங்கோ" என்று சத்தமாகச் சொல்லத்தான் வேண்டும், அங்கே நின்று காரணம் விளக்க நேரம் இல்லை. ஆபத்து நேரத்தில் கட்டளைதான் சரி. ஆனால் வேலையின் பெரும்பகுதி அப்படிப்பட்டதல்ல. கை கழுவுவது, கணக்கு எழுதுவது, அடுத்த ஷிப்டுக்கு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போவது, இதெல்லாம் நீங்கள் பார்க்காத நேரத்தில் நடக்கிற காரியங்கள். நீங்கள் லீவில் வீட்டில் நிற்கும் நாளிலும் அது நடக்கிறதா? நடந்தால் அவர்கள் இணங்கியிருக்கிறார்கள். நடக்காவிட்டால் அவர்கள் உங்களுக்குப் பணிந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒருவர் எப்படி இணங்குகிறார் என்பதைப் பற்றி கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் ஒரு பிரிப்பைச் செய்து வைத்தார். சொல்கிறவர் மீது உள்ள நம்பிக்கை, கேட்கிறவரின் அந்த நேரத்து மனநிலை, சொல்லப்படும் நியாயம், இந்த மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் மூன்றாவதை மட்டும் தூக்கிக்கொண்டு போவோம். நியாயம் நம் பக்கம் இருக்கிறது, பிறகென்ன என்ற எண்ணம். நானும் அப்படித்தான் போனேன்.

பொறுப்புக்கு வந்த முதல் வருடம், படுக்கை விரிப்புகள் குறைந்துகொண்டே போயின. 300 வாங்கியதாகக் கணக்கு, எண்ணிப் பார்த்தால் 261. ஒரு படிவம் தயாரித்தேன். லோண்டரிக்குப் போகும்போது எத்தனை, வரும்போது எத்தனை, யார் எடுத்தார், யார் கொடுத்தார் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். எல்லோரையும் கூப்பிட்டு அந்த 300ஐயும் 261ஐயும் பலகையில் எழுதிக் காட்டி, இப்படியே போனால் சீசன் நடுவில் விரிக்க விரிப்பு இருக்காது என்று விளங்கப்படுத்தினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு படிவங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரு நாளும் ஒரு விரிப்பும் குறையவில்லை, எல்லாக் கணக்கும் நேராக வந்திருந்தது. அலுமாரியில் மட்டும் விரிப்புகள் இன்னும் குறைந்திருந்தன.

என்ன நடந்தது என்று எனக்கு விளங்க மாதங்கள் ஆகின. அறைகளைத் துப்புரவு செய்யும் அக்கா ஒருவர்தான் ஒரு நாள் ஆறுதலாக இருந்து சொன்னார். எனக்கு முன் இருந்தவரின் காலத்தில் ஒரு பிள்ளை விரிப்பைக் கிழித்துவிட்டது, அதை வந்து தானே சொன்னது, அதன் சம்பளத்தில் வெட்டினார்கள். அதற்குப் பிறகு கிழிந்த விரிப்பை ஒருவரும் சொல்வதில்லை. தரை துடைக்கும் துணியாகவும், பம்பை மூடும் துணியாகவும் அவை மறைந்துபோயின. நான் பலகையில் எழுதிய 300, 261 என்ற இலக்கங்களை அவர்கள் வாசித்தது வேறு மாதிரி: "உங்களில் ஒருவர் கள்ளன்." நான் அப்படி நினைக்கவே இல்லை, ஆனால் அவர்கள் காதில் விழுந்தது அதுதான். என் நியாயத்தில் ஒரு குறையும் இல்லை. அதை ஏற்றுக்கொள்ள அவர்கள் கொடுக்க வேண்டிய விலைதான் மிக அதிகம். அந்தப் படிவத்தை உண்மையாக நிரப்புவதென்றால், இதுவரை மறைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நியாயம் இருந்தும் தோற்ற ஒரு மருத்துவர்

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் இக்னாஸ் செமல்வைஸ் நினைவுக்கு வருவார். ஹங்கேரியில் பிறந்த மருத்துவர், வியன்னா பொது மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவில் வேலை செய்தவர். அங்கே இரண்டு பிரிவுகள் இருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் பார்த்த பிரிவில், மருத்துவிச்சிகள் பார்த்த பிரிவைவிடத் தாய்மார் இரண்டு மடங்குக்கும் கூடுதலாகப் பிரசவக் காய்ச்சலில் செத்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் நேராகப் பிரசவம் பார்க்க வருகிறார்கள் என்பதை அவர் கண்டுபிடித்தார். 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் வரை செத்த அந்தப் பிரிவில், ஜூனில் அது நூற்றுக்கு 2 பேர் அளவுக்கு இறங்கியது. இதைவிடத் தெளிவான நியாயம் ஒன்று உலகத்தில் இருக்க முடியுமா?

அவரால் தன் காலத்து மருத்துவர்களில் பெரும்பாலானோரை இணங்க வைக்க முடியவில்லை. காரணங்கள் பல, கிருமி பற்றிய அறிவு அப்போது வரவில்லை, அவரும் தன் கண்டுபிடிப்பை விரிவாக எழுதி வெளியிட 1861 வரை எடுத்துக்கொண்டார். ஆனால் எனக்குப் படுவது இன்னொன்று. அவர் சொன்னதை ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு மருத்துவரும், இத்தனை தாய்மார் செத்தது என் கையால் என்று தனக்குத் தானே சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்வதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பிற்காலத்தில் அவர் எதிர்த்தவர்களைக் கொலைகாரர் என்றே பகிரங்கக் கடிதங்களில் எழுதினார். அவர் கோபம் நியாயமானது, அந்தக் கோபத்தைப் படிக்கும்போது எனக்குக் கண் கலங்கும். ஆனாலும் கொலைகாரன் என்று கூப்பிடப்பட்டவன் கை கழுவ வரமாட்டான், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஓடுவான். 1865இல் ஒரு மனநோய் விடுதியில் அவர் இறந்தார்.

வேலையில் நீங்கள் கொண்டுவரும் எந்த மாற்றத்துக்குள்ளும் "இதுவரை நீங்கள் செய்தது பிழை" என்ற ஒரு சொல் மறைந்திருக்கிறது. நீங்கள் அதை வாயால் சொல்லாவிட்டாலும் அவர்களுக்குக் கேட்கும். ஆகவே, பிழையை ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும் என்பதில் அந்த இடத்தில் பயம் இருக்குமானால், நீங்கள் எவ்வளவு நன்றாகக் கதைத்தாலும் எடுபடாது. நான் இந்த இரண்டு பாடங்களையும் ஒன்று என்று சொல்வது இதனால்தான்.

விரிப்புக் கதைக்கு என்ன முடிவு என்றால், முதலாளியுடன் கதைத்து, குறைந்த 39ஐயும் அன்றைய திகதியோடு கணக்கில் இருந்து கழித்துவிட்டோம். பிறகு எல்லோரிடமும் சொன்னேன்: "இதுவரை போனதை ஒருவரும் கேட்கப் போவதில்லை. கிழிந்த விரிப்பை இந்தப் பெட்டிக்குள் போடுங்கள், பெயர் எழுத வேண்டாம்." முதல் கிழமை நானே அவர்களோடு நின்று எண்ணினேன். மூன்றாம் நாள் பெட்டிக்குள் இரண்டு விரிப்புகள் கிடந்தன. அந்தக் கிழிந்த இரண்டையும் பார்த்த சந்தோசம் எனக்கு இன்னும் இருக்கிறது. இணங்குவதற்கு ஒரு வாசலைத் திறந்து வைக்க வேண்டும், அந்த வாசலால் ஒருவர் மானத்தோடு உள்ளே வரக்கூடியதாக இருக்க வேண்டும்.

இதோடு சின்னச் சின்ன உத்திகளும் உதவும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984இல் இவற்றை ஆறாகத் தொகுத்தார். நாம் செய்த உதவிக்குக் கைமாறு செய்ய விரும்புவது, ஒருமுறை சொன்ன சொல்லைக் காப்பாற்ற விரும்புவது, மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்வது, பிடித்தவர் சொன்னால் கேட்பது, விஷயம் தெரிந்தவர் சொன்னால் கேட்பது, அரிதானதை விரும்புவது. இதில் எங்கள் ஊரில் மிகவும் பலிப்பது மற்றவர்களைப் பார்த்துச் செய்வதுதான். குசினியில் புதிய முறை ஒன்றைக் கொண்டுவர வேண்டுமென்றால் கூட்டம் போடாதீர்கள், எல்லோரும் மதிக்கும் அந்த 54 வயதுக்காரரிடம் தனியாகப் போய், "அண்ணை, இதை இப்படிச் செய்து பார்க்கலாமா, உங்களுக்கு என்ன படுது?" என்று உண்மையாகவே கேளுங்கள். உண்மையாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். அவர் சரிவராது என்று சொன்னால் அதைக் கேட்டு மாற்றத் தயாராக இருங்கள். முடிவை எடுத்துவிட்டு ஆலோசனை கேட்பது போல நடிப்பதை ஆட்கள் ஒரே தடவையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எல்லாப் பிழையும் ஒரே வகை இல்லை

இங்கே ஒரு அடிப்படைப் பிரிப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் மனிதப் பிழைகளை வகைப்படுத்தி எழுதினார். நான் அதை எங்கள் வேலைக்கு ஏற்றபடி சொல்கிறேன். 17ஆம் அறை என்று எழுத நினைத்து 71 என்று எழுதுவது கை தவறியது. இரவு வரும் வான் வண்டியைப் பற்றிக் கேற்றில் நிற்பவரிடம் சொல்ல மறப்பது நினைவு தவறியது. மழை வராது என்று நம்பி விருந்தைப் புல்வெளியில் வைப்பது, எண்ணியபடி செய்தும் எண்ணம் பிழைத்தது. எரிவாயுச் சிலிண்டரை மூடிவிட்டுப் போக வேண்டும் என்று தெரிந்தும் விட்டுவிட்டுப் போவது விதி மீறல்.

கை தவறியவரைத் திட்டி ஒரு பயனும் இல்லை, அவர் வேண்டுமென்று செய்யவில்லை, நாளைக்கு நீங்களும் செய்வீர்கள். படிவத்தை மாற்றுங்கள். மறந்தவருக்கு நினைவூட்ட ஒரு வழி வேண்டும், ஒரு கொப்பி, ஒரு பலகை, எதுவானாலும். எண்ணம் பிழைத்தவருக்கு அனுபவமோ தகவலோ போதவில்லை, அவரோடு இருந்து கதைக்க வேண்டும். விதியை மீறியவரிடம் மட்டும்தான் "ஏன் செய்தாய்?" என்ற கேள்வியைக் கடுமையாகக் கேட்க இடம் இருக்கிறது, அங்கேயும் முதலில் அந்த விதி நடைமுறைக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஆறு பேர் செய்ய வேண்டிய வேலையை மூன்று பேரிடம் கொடுத்துவிட்டு, எல்லா விதியையும் கடைப்பிடிக்கவில்லை என்று கேட்பது அநியாயம்.

நல்ல இடத்தில் பிழை கூடுதலாகத் தெரியும்

1990களின் தொடக்கத்தில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் தாதியர் குழுக்களைப் படித்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவுகளைப் பார்த்தால் நேர்மாறாக இருந்தது: நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகம். அவர் திகைத்துப்போய் இன்னும் ஆழமாகப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. அந்தக் குழுக்களில் பிழையைப் பற்றி வெளிப்படையாகக் கதைத்தார்கள், அதனால் அது பதிவானது. மற்ற இடங்களில் மறைத்தார்கள். 1996இல் இது வெளியானது. 1999இல் அவர் இதற்கு உளவியல் பாதுகாப்பு என்ற பெயரோடு இன்னொரு ஆய்வை வெளியிட்டார். ஒரு குழுவுக்குள் கேள்வி கேட்டால், பிழையைச் சொன்னால், மாற்றுக் கருத்து சொன்னால் அவமானம் வராது என்ற பொதுவான நம்பிக்கை, அதுதான் அதன் பொருள்.

நான் இதை வாசித்தபோது என் விரிப்புப் படிவங்கள்தான் கண்முன் வந்தன. ஒரு நாளும் பிழையே வராத படிவம். உங்கள் இடத்தில் பிழையே வருவதில்லை என்றால் மகிழ்ச்சிப்பட முன்னர், கடைசியாக யார் எப்போது உங்களிடம் ஒரு கெட்ட செய்தியைத் தானாக வந்து சொன்னார் என்று யோசியுங்கள்.

சொல்லாமல் விடுவதன் விலை சில இடங்களில் தாங்க முடியாதது. 1977 மார்ச் 27ஆம் திகதி டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில், பனிமூட்டத்துக்குள் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானத்தின் கப்டன் அந்த நிறுவனத்திலேயே மிகவும் மூத்தவர்களில் ஒருவர், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். விமானம் ஓடத் தொடங்கிய நேரத்தில் பொறியாளர் கேட்டிருக்கிறார், மற்ற விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையா என்று. கப்டன் அழுத்தமாக, விலகிவிட்டது என்றார். அதற்கு மேல் பொறியாளர் ஒன்றும் கேட்கவில்லை. இப்படியான விபத்துகளுக்குப் பிறகு 1979இல் நாசா கூட்டிய ஒரு பட்டறையில் இருந்து, விமானி அறைக்குள் இளையவர் மூத்தவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது, மூத்தவர் எப்படிக் காது கொடுப்பது என்ற பயிற்சி வளர்ந்தது.

எங்கள் கந்தோர்களை நினைத்துப் பாருங்கள். "சேர்" என்று கூப்பிட்டு எழுந்து நின்ற பிறகு, "சேர், நீங்கள் சொன்ன திகதி பிழை" என்ற வசனம் வாயில் வருமா? வராது. அந்தப் பொறியாளர் மாதிரி ஒரு தடவை கேள்வியாகக் கேட்டுப் பார்ப்பார்கள், நீங்கள் "ஓம் ஓம், தெரியும்" என்று சொன்னால் முடிந்தது. மரியாதையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, எங்கள் மரியாதை எனக்குப் பிடித்தது. மரியாதையான கேள்விக்குள் எச்சரிக்கை ஒளிந்திருக்கும் என்று தெரிந்து, மேலே இருக்கிற நாம்தான் நின்று, "ஏன் கேட்கிறீர்கள், என்ன கண்டீர்கள்?" என்று திருப்பிக் கேட்கப் பழக வேண்டும்.

உங்கள் பிழை

ஒரு ஆகஸ்ட் மாதம். சீசனின் உச்சம், ஒரு அறைகூடக் காலி இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு குடும்பம் தொலைபேசியில் இரண்டு அறை கேட்டிருந்தது, நான் கொப்பியில் எழுதினேன், கணினியில் ஏற்ற மறந்துவிட்டேன். அவர்கள் வரும் அன்று காலை 10 மணிக்கே எனக்குத் தெரியும். அன்று இரவு வரை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. யாராவது புக்கிங்கை ரத்துச் செய்வார்கள், தப்பிவிடலாம் என்று காத்திருந்தேன். இரவு 8 மணிக்கு வான் வந்து நின்றது, அம்மம்மாவும் சின்னப் பிள்ளைகளுமாக 7 பேர். ரிசப்சனில் நின்ற தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது, அவள்தான் அவர்களின் கோபம் முழுவதையும் வாங்கினாள். காலையிலேயே சொல்லியிருந்தால், பக்கத்தில் நாலு இடத்தில் விசாரித்து நல்ல அறை எடுத்திருக்கலாம். இரவு 8 மணிக்கு எங்கே எடுப்பது? 11 மணிக்குத்தான் டவுனில் ஒரு இடத்தில் அவர்களைச் சேர்த்தோம்.

மறந்தது சின்னப் பிழை. அந்த 10 மணி நேரத்து மௌனம்தான் பெரிய பிழை, அதை நான் தெரிந்தே செய்தேன். அதற்குப் பிறகு அந்தத் தங்கச்சி நான் சொல்வதை எல்லாம் செய்தாள், ஆனால் ஒன்றையும் நம்பவில்லை. எதைச் சொன்னாலும் எழுதித் தரச் சொல்லிக் கேட்பாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். மன்னிப்புக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது என்பதை அன்று பழகினேன். என்ன நடந்தது என்பதைப் பெயர் வைத்துச் சொல்ல வேண்டும்: "நான் புக்கிங்கை ஏற்ற மறந்தேன், காலை 10 மணிக்குத் தெரிந்தும் சொல்லவில்லை." "ஒரு குழப்பம் நடந்துவிட்டது" என்று சொன்னால் அது மன்னிப்பே இல்லை, குழப்பம் தானாக நடக்காது. யாருக்கு என்ன பாதிப்பு என்று சொல்ல வேண்டும், அன்று நான் அந்தத் தங்கச்சியின் பெயரைச் சொல்லி, அவள் வாங்கிய ஏச்சு எனக்கு வந்திருக்க வேண்டியது என்றேன். இனி என்ன மாறும் என்று சொல்ல வேண்டும். தொலைபேசியில் வரும் புக்கிங்கை எழுதும் கையோடு கணினியில் ஏற்றி, இலக்கத்தைத் திருப்பி வாசித்துக் காட்டுவது என்று முடிவெடுத்தோம், இன்றுவரை அப்படித்தான். அதோடு நிறுத்த வேண்டும். "அன்று எனக்குச் சரியான தலையிடி, சீசன் நேரம் உங்களுக்குத் தெரியும்தானே" என்று இழுத்தால், முன்னால் சொன்ன எல்லாம் கரைந்துபோய்விடும்.

பிழையை ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய பரிசோதனையைச் சொல்லலாம். 1966இல் எலியட் அரொன்சனும் அவருடன் இருந்தவர்களும் மாணவர்களுக்கு ஒலிப்பதிவுகளைக் கேட்க வைத்தார்கள். கேள்விகளுக்கெல்லாம் நன்றாகப் பதில் சொன்ன ஒருவர் கடைசியில் கோப்பியைத் தன் உடுப்பில் ஊற்றிக்கொண்டபோது, கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்தது. சுமாராகப் பதில் சொன்னவர் ஊற்றிக்கொண்டபோது, அவரைப் பிடிப்பது குறைந்தது. இரண்டாவது பாதியையும் கவனியுங்கள். வேலை தெரிந்தவரின் பிழை அவரை மனிதராகக் காட்டும். வேலையைக் கற்காமல் ஒவ்வொரு கிழமையும் மன்னிப்புக் கேட்பவரை அந்த மன்னிப்பு காப்பாற்றாது.

அவர்களுடைய பிழை

ஒருவர் வந்து, "சேர், ஒரு பிழை நடந்துபோச்சு" என்று சொல்லும்போது உங்கள் வாயில் வரும் முதல் வசனம், அந்த வருடம் முழுவதற்கும் போதும். "யார் செய்தது?" என்று கேட்டால் அடுத்த முறை வரமாட்டார். "சொன்னது நல்லது, இப்ப என்ன நிலைமை?" என்று கேட்டால் வருவார். முகத்தையும் கவனியுங்கள், வாய் நல்லதைச் சொல்ல முகம் வேறு சொன்னால் முகத்தைத்தான் நம்புவார்கள். டொயோட்டா தொழிற்சாலைகளில் வேலையாள் எவரும் இழுக்கக்கூடிய ஒரு கயிறு இருந்தது, ஏதாவது பிழையாகப் பட்டால் இழுக்கலாம். இழுத்ததும் குழுத்தலைவர் அந்த இடத்துக்கு வர வேண்டும். குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் முழு வரிசையும் நிற்கும். கயிறு பெரிய விஷயம் இல்லை, எங்கும் கட்டலாம். அதை இழுத்தவனைப் பார்த்து வருகிறவர் என்ன முகத்தோடு வருகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

திருகோணமலையில் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை வேறு ஊர்க்காரர்கள் எழுதும் கட்டுரைகளில் காணமாட்டீர்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும், எந்த இனமும் பாதிக்கு மேல் இல்லாத மாவட்டம் இது. ஒரே குசினிக்குள் மூதூரில் இருந்து வரும் முஸ்லிம் நானா, கந்தளாயில் இருந்து வரும் சிங்கள மல்லி, சல்லியில் இருந்து வரும் தமிழ்த் தம்பி, மூவரும் நிற்பார்கள். எல்லோர் முன்னாலும் ஒருவரை ஏசினால், அது ஒரு பிழைக்காக ஏசியதாக நிற்காது, எங்கள் ஆளை ஏசினார் என்று ஆகிவிடும். எங்கள் ஊர் பட்டவற்றை நினைத்தால் அதில் வியப்பில்லை. ஆகவே திருத்துவதைத் தனியாகச் செய்யுங்கள், பாராட்டுவதை எல்லோர் முன்னாலும் செய்யுங்கள். அவருடைய மொழியில் செய்யுங்கள், அல்லது அந்த மொழி தெரிந்த, அவர் நம்பும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அரைகுறையாக விளங்கும் மொழியில் கேட்கும் திருத்தம் இரண்டு மடங்கு கடுமையாகக் கேட்கும். என் அரைகுறைச் சிங்களத்தில் நான் ஒரு பையனிடம் "கவனமாகச் செய்" என்று சொல்ல நினைத்தது, "உனக்கு ஒன்றும் தெரியாது" என்பது போல அவனுக்குக் கேட்டு, அவன் இரண்டு நாள் வேலைக்கு வராமல் இருந்தான்.

காரணத்தைத் தோண்டுவதற்கு டொயோட்டாவில் இருந்தே வந்த ஒரு எளிய வழி, "ஏன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததும், டீசலுக்கு வரிசையில் நின்றதும் உங்களுக்கு மறந்திருக்காது. அந்த நாட்களில் எங்கள் மண்டபத்தில் ஒரு கல்யாணம், நடுவில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. ஏன் நின்றது? டீசல் முடிந்தது. ஏன் ஊற்றவில்லை? கானில் இருந்த டீசலை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? என்னைக் கேட்காமல் தொடக்கூடாது என்று நானே போன கிழமை சொல்லியிருந்தேன். ஏன் கேட்கவில்லை? ஜெனரேட்டரைப் பார்த்த பையன் இரண்டு தடவை அழைத்திருக்கிறான், மாப்பிள்ளை வீட்டாருடன் கதைத்துக்கொண்டிருந்த நான் இரண்டு தடவையும் அழைப்பை வெட்டியிருக்கிறேன். முதல் "ஏன்?" உடன் நிறுத்தியிருந்தால் அந்தப் பையனின் கவலையீனம் என்று எழுதியிருப்பேன். இந்தக் கேள்விகளை ஒருவரை நிற்க வைத்துக் கேட்காதீர்கள், அது பொலிஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்று பேர் இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேளுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு எல்லையும் உண்டு. தெரிந்தே விதியை மீறி, சொல்லியும் திருந்தாமல், மற்றவர்களின் உயிருக்கு ஆபத்தை உண்டாக்குகிறவரைப் பொறுத்துக்கொண்டிருப்பது இரக்கம் அல்ல, அவரோடு வேலை செய்யும் மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். எரிவாயுவை மூன்றாம் தடவையும் மூடாமல் போன ஒருவரை நான் வேலையில் இருந்து நிறுத்தியிருக்கிறேன், அதற்காக வருத்தப்பட்டேன், பின்வாங்கவில்லை. மறைத்ததற்கு ஒரு விளைவு, தானாக வந்து சொன்னதற்கு வேறொரு விளைவு என்று இருக்க வேண்டும், அந்த வேறுபாடு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், காலைக் கூட்டத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துப் பாருங்கள்: "நேற்று எது சரியாகப் போகவில்லை?" முதலில் நீங்களே உங்களுடையதைச் சொல்லுங்கள், சின்னதாக, உண்மையாக. நான் தொடங்கியபோது நாலு நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்தாம் நாள் குசினியில் இருந்த அண்ணைதான், கையைத் துடைத்துக்கொண்டே, மீன் வைக்கும் குளிர்ப்பெட்டியின் கதவு மூன்று நாளாகச் சரியாக மூடுவதில்லை, தான் ஒரு கல்லை முண்டு கொடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். மத்தியானத்துக்குள் ஆள் வந்து ரப்பரை மாற்றிக் கொடுத்தது. மறுநாள் காலை அந்த மூதூர் நானா கையை உயர்த்தினார்.